மலைக்குப் பெயர் வைப்பது யார்?



சர்வே என்றாலே நமக்கு ஞாபகம் வருவது செயின், ரேஞ்சிங் ராடு, மண்டையைப் பிளக்கும் வேலூர் வெயில்! ஆனால் இதே சர்வேதான் ஆள் அரவமே இல்லாத தென்துருவ மலைகளுக்கும் பெயர் தந்தது. சிவில் மாணவன் என்ற முறையில் அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1938-39இல் ஜெர்மானியக் குழு ஒன்று அண்டார்டிகாவை விமானத்தில் பறந்து படமெடுத்தது. பனியில்லாத ஒரு பாறை நிலத்துக்கு, அதைக் கண்ட விமானி ஷிர்மாக்கரின் பெயர். அதற்குத் தெற்கே உள்ள மலைத்தொடருக்கோ, பயணத்துக்குப் பண ஏற்பாடு செய்த அதிகாரி வோல்தாட்டின் பெயர்! மலையை அவர் மிதிக்கவே இல்லை. படங்கள் ஏராளம், ஆனால் தரையில் அளந்த கண்ட்ரோல் பாயிண்டுகள் போதாததால் வரைபடத்தில் பிழைகள் நேர்ந்தன. பிற்பாடு நார்வே நாட்டினர் திரும்ப அளக்க வேண்டியதாயிற்று. ஆபீசில் உட்கார்ந்து சர்வே முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம்மவர்கள் சும்மா இல்லை. டாக்டர் காசிம் தலைமையில் முதல் இந்தியக் குழு 1982 ஜனவரி 9இல் அங்கே இறங்கியது. அதே ஷிர்மாக்கர் நிலத்தில்தான் நம் 'மைத்ரி' நிலையம் நிற்கிறது. வோல்தாட் மலைகளில் நம் புவியியலாளர்கள் பாறை வரைபடம் தயாரித்தார்கள். 1971-72இல் அமெரிக்கக் குழுவோடு போய் சீல், திமிங்கிலம், பறவைகளைக் கணக்கெடுத்த அகௌரி சின்ஹாவின் பெயரில் 990 மீட்டர் உயர 'மவுண்ட் சின்ஹா' இருக்கிறது. உழைத்தவனுக்குக் கிடைத்த பெயர்!

தென்துருவத்தில் பூர்வகுடிகள் இல்லை. வந்தவன் பெயர் வைத்தான். இமயத்தில் அப்படியா? சோமோலுங்மா என்று திபெத்தியர் அழைத்த சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டதில் ராதாநாத் சிக்தாருக்குப் பெரும்பங்கு உண்டு. 1865இல் நிலைத்ததோ எவரெஸ்ட் பெயர். அந்த எவரெஸ்டே முதலில் அதை ஆட்சேபித்தார்!

நண்பர்களே, நம்ம பேரணாம்பட்டைச் சுற்றியும் மலைகள்தான். டோபோஷீட்டில் எத்தனையோ குன்றுகளுக்கு உயர எண் மட்டும்தான் இருக்கும். ஆனா ஆடு மேய்க்கும் பெரியவரைக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்வார். டேனரி வேலைக்குப் பிள்ளைகள் போய்விட்ட வீடுகளில் அந்தப் பெயர்கள் அவரோடேயே போய்விடும். அடுத்த சர்வே கேம்பில் ரீடிங் எடுக்கும்போது, "தாத்தா, இந்த மலைக்குப் பேரு என்ன?" என்று கேளுங்கள். பீல்டு புக்கின் ரிமார்க்ஸ் காலம் காலியாகத்தானே கிடக்கிறது!