பவளப்பாறை: கண்ணுக்கு அழகு, கடைக்கு வில்லங்கம்



செங்கல்பட்டில் உள்ள மளிகைக் கடைக்கு ஒருவர் வந்து, "பத்து கிலோ கல் உப்பு கொடுங்கள், வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்கப் போகிறேன்" என்கிறார். மாமல்லபுரத்தில் சங்கு, சிப்பிப் பொருள் விற்பவரிடம் இன்னொருவர், "கலர் பவளப்பாறை கிடைக்குமா?" என்கிறார். இருவருக்கும் என்ன பதில் சொல்வது? முதல் பதில் தவறினால் வாடிக்கையாளருக்கு நஷ்டம். இரண்டாவது தவறினால் கடைக்கே ஆபத்து.

பவளப்பாறை என்பது என்ன?

பவளப்பாறை கல்லும் அல்ல, செடியும் அல்ல. சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து, கடல்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துக் கட்டிக்கொள்ளும் வீடு அது. அந்த உயிரின் உடலுக்குள் நுண்பாசி குடியிருந்து, வெளிச்சத்தின் உதவியால் உணவு தயாரித்துக் கொடுக்கிறது. தண்ணீர் சூடேறினால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இப்படி நேர்ந்தது. நகைக்கடையில் விற்கும் செம்பவளம் வேறு இனம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தொட்டியில் வளர்ப்பது எப்படி?

வெளிநாடுகளில் இது பெரிய வியாபாரம். பவளக் கிளையை ஒடித்து, சிறு வில்லையில் பசை போட்டு ஒட்டி, நீல வெளிச்சத்தில் வளர்க்கிறார்கள். அபூர்வ நிறம் என்றால் விரல் நுனி அளவுத் துண்டுக்கும் நல்ல விலை உண்டு. தண்ணீரின் வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் நீரில் சுமார் 35 கிராம் உப்பும், 400 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியமும், அதைப்போல் மூன்று மடங்கு மக்னீசியமும் வேண்டும்.

நம் கல் உப்பு இதற்கு உதவாது. உப்பளத்தில் நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முதலிலேயே அடியில் படிந்துவிடுகிறது. மக்னீசியம் கடைசிக் கழிவுநீரோடு போய்விடுகிறது. எஞ்சுவது சமையலுக்கு நல்ல உப்பு, பவளத்துக்குப் பட்டினி.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் 2001-ஆம் ஆண்டு பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் இதில் அடங்கும். புலிக்கு உள்ள பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. உயிருள்ளதோ காய்ந்ததோ, விற்பது குற்றம். தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. இந்த அபராதத் தொகை 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உயர்த்தப்பட்டது.

வணிகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது 57-ஆவது பிரிவு. சரக்கு நம் கையில் இருந்தால், அது சட்டவிரோதம் என்றே கொள்ளப்படும். அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. "யாரோ கொண்டுவந்து கொடுத்தார்" என்பது விடையாகாது.

இத்தனை கடுமை ஏன்?

மாமல்லபுரக் கடலில் பவளத் திட்டுகள் இல்லை. நம் மாநிலத்தின் பவள வளம் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைப் பகுதியிலும் உள்ளது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி, சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அரண் போனது, அலை அரித்தது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கின. மீன் குஞ்சுகள் ஒதுங்கி வளரும் இடம் பவளப்பாறை. அது அழிந்தால் மீனவர் வலை காலி. மீனவர் கையில் காசு இல்லையென்றால் அவர் ஊர் மளிகைக் கடைக் கல்லாவிலும் காசு இல்லை.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. பவளத் துண்டுகளை, வெள்ளையாகக் காய்ந்தவை ஆனாலும், வாங்கவோ காட்சிக்கு வைக்கவோ வேண்டாம்.

2. கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றையும் தொட வேண்டாம். சிப்பி வகைகளிலும் சில தடைப்பட்டியலில் உள்ளன. பெயர் தெரியாததைக் கொள்முதல் செய்யாதீர்கள்.

3. "இறக்குமதிச் சரக்கு" என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். வனத்துறை அலுவலகத்தில் விசாரிக்காமல் முன்பணம் தர வேண்டாம்.

4. பழைய இருப்பு இருந்தால் விற்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். வழக்கறிஞரைக் கலந்து, வனத்துறைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

5. கேட்டு வருபவருக்குச் செயற்கைப் பவளம் கொடுக்கலாம். பொரிப்பகத்தில் வளர்த்த மீனைச் சொல்லலாம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீனையே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள்.

லாபம் அடுத்த மாதமும் வரும். இழந்த நற்பெயர் திரும்ப வராது. சரக்கின் பிறப்பிடம் தெரிந்த பிறகே பில் போடுங்கள்.