மகன் கேட்கும் ஸ்டீம் டெக்

கேள்வி: பாலிடெக்னிக் படிக்கும் மகன் ஸ்டீம் டெக் வேண்டும் என்கிறான். விளையாட்டோடு லினக்ஸும் கற்றுக்கொள்ளலாமாம். வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, ராசிபுரம்

பதில்: மகன் சொல்வது உண்மைதான் அம்மா. 2022-ல் வால்வ் நிறுவனம் கொண்டுவந்த இந்தக் கையடக்க விளையாட்டுக் கருவி, ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம் ஓ.எஸ். என்ற இயங்குதளத்தில் ஓடுகிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து டெஸ்க்டாப்புக்கு மாறி, டைப்-சி ஹப் வழியாக மானிட்டரும் கீபோர்டும் மாட்டினால் முழுக் கணினி. விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டுகளையும் புரோட்டான் என்ற மென்பொருள் இதில் ஓடவைக்கிறது. நல்ல வேலைப்பாடு, சந்தேகமில்லை.

ஆனால் எல்லா விளையாட்டும் ஓடாது. வேலரண்ட், ஃபோர்ட்நைட் இரண்டிலும் கள்ளாட்டம் தடுக்க வைத்திருக்கும் காவல் மென்பொருள் லினக்ஸை ஏற்பதில்லை. நண்பர்களோடு அவன் ஆடுவது எது என்று முதலில் கேளுங்கள்.

என் பெரிய கவலை வேறு. வால்வ் இதை இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. இங்கே கிடைப்பது இறக்குமதிச் சரக்கு. கடைக்காரர் தரும் வாரண்டி அந்தக் கடையோடு சரி. தொடாமலே ஜாய்ஸ்டிக் நகர ஆரம்பித்தாலோ, பேட்டரி உப்பினாலோ, உதிரிபாகத்துக்குச் சேலம் வரை போயும் வெறுங்கையோடு திரும்ப நேரலாம்.

வீட்டில் லேப்டாப் இருந்தால் அதில் லினக்ஸும், வால்வின் விளையாட்டுக் கடை மென்பொருளான ஸ்டீமும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் இலவசம், புரோட்டானும் ஸ்டீமுடனே வரும். லேப்டாப்பே இல்லையென்றால் அந்தப் பணத்தில் முதலில் அதை வாங்குங்கள். ஸ்டீம் டெக் இப்போது வேண்டாம்.