உயர்த்தப்பெற்ற வண்டியின் முன்புற நடுக்கமும் ஒலியும்

குறியைக் கண்டவுடன் மருந்தைத் தேடுவோன் பலகாலும் பிழைபடுவான். குறியினின்று நோய்க்கும், நோயினின்று அதன் காரணத்திற்கும் படிப்படியாகச் செல்வோனே பயன் பெறுவான். இம்முறை மக்கள் உடலுக்கேயன்றி இரும்பாலாய பொறிகளுக்கும் ஒக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் எடுத்துக்கொண்ட பொருள், பின்புறத்தில் திறந்த சரக்குத் தட்டினை உடைய 'பிக்கப்' என்னும் மோட்டார் வண்டி. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உழவரும் தச்சரும் மலைவழிச் செல்வோரும் இதனைப் பெரிதும் கையாளுகின்றனர். கல்லும் சேறும் பனியும் மிக்க வழிகளில் வண்டியின் அடிப்பாகம் இடிபடாமைப்பொருட்டும், பெரிய டயர்களை மாட்டுதற்பொருட்டும், சிலர் தோற்றப் பொலிவு ஒன்றையே கருதியும், வண்டியின் சட்டத்தை இரண்டு அல்லது மூன்று அங்குலமும், சிலபோது அதற்கு மேலும் உயர்த்திக்கொள்வர். நம் இந்திய நாட்டிலோ, பதிவுச் சான்றிற் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலிற் குறித்தவற்றினின்றும் மாறுபடுமாறு வண்டியைத் திருத்தலாகாது என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் விதித்துள்ளது. ஆதலின் எடுத்துக்காட்டை அமெரிக்க வழக்கினின்றே கொள்கின்றோம். ஆயினும் பொறியின் இயல்பு எந்நாட்டிலும் ஒன்றே என்பதை அன்பர்கள் மறவாதிருக்க வேண்டுகின்றோம்.

வண்டியை உயர்த்திய சில நாட்களுள் உடையவர் பலர் கூறும் முறையீடு இது: விரைந்து செல்லுங்கால் முன்புறம் நடுங்குகின்றது, ஏதோ உறுமுகின்றது, பள்ளத்தில் இறங்கினால் 'டக்' என்று இடிக்கின்றது. இதற்கு அவர் முதலில் டயரை மாற்றுவர். அது பயன்படாதாயின் ஷாக் அப்சார்பரை மாற்றுவர். பின்னர் வேறொன்றை மாற்றுவர். பணம் போகும், நடுக்கம் போகாது. இனி, எதனையோ மாற்றியதனால் நடுக்கம் மறைந்து, அதன் காரணம் மட்டும் மறையாது உள்ளே இருப்பின், அது முன்னையினும் கொடிது. ஏன் என்பது பின்னர் விளங்கும்.

1. உயர்த்துதலால் மாறுவன

இக்காலத்துப் பிக்கப் வண்டிகள் பலவற்றில் முன் சக்கரங்கள் ஒன்றையொன்று சாராது தனித்தனியே ஏறி இறங்கும். ஒவ்வொரு சக்கரத்தையும் மேற்கை, கீழ்க்கை என்னும் இரண்டு இரும்புக் கைகள் தாங்கி நிற்கும். அக்கைகளின் நுனியில் உள்ள கிண்ணமும் குண்டும் போன்ற மூட்டே பால் ஜாயிண்ட் எனப்படும். நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றல் செல்லும் வண்டியாயின், முன்புற நடுவில் டிபரென்ஷியல் என்னும் பற்சக்கரப் பெட்டி சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். அதனின்றும் இரண்டு ஆக்சில் தண்டுகள் இருபுறச் சக்கரங்களுக்கும் செல்லும்.

இப்போது சட்டத்தை உயர்த்துவோமாயின் விளைவது யாது? சட்டத்தோடு டிபரென்ஷியலும் உயரும். சக்கரங்களோ தரையிலேயே நிற்கும். முன்னர் ஏறக்குறையக் கிடையாக இருந்த ஆக்சில் தண்டுகள் இப்போது கூரையின் சரிவு போலச் சாயும். அவற்றின் இருமுனை மூட்டுகளும், பால் ஜாயிண்டுகளும், சக்கரத்தைத் திருப்பும் டை ராடுகளும் தாம் செய்யப்பட்ட நிலையினின்றும் மாறி நிற்கும். எனவே வண்டியை உயர்த்துதல் என்பது உயரத்தை மட்டும் மாற்றுதலன்று, கோணங்களை மாற்றுதலாம். இவ்வொன்றை உள்ளத்திற் கொண்டால் இனி வருவன யாவும் எளிதில் விளங்கும்.

கோணம் மிகுதலால் நடுக்கம் தோன்றுவது எங்ஙனம்? ஹூக் என்னும் ஆங்கில அறிஞரின் பெயரால் வழங்கும் யுனிவர்சல் ஜாயிண்டை நோக்குவோம். கோணத்தில் நிற்கும் இம்மூட்டின் ஒருபுறத் தண்டு சீராகச் சுழன்றாலும், மறுபுறத் தண்டு ஒரு சுற்றுக்கு இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும். கோணம் 5 பாகையாயின் இவ்வேறுபாடு நூற்றுக்கு அரைப் பங்கினும் குறைவு; 10 பாகையில் நூற்றுக்கு ஒன்றரை; 20 பாகையில் நூற்றுக்கு ஆறு. கோணம் இரட்டித்தால் கேடு நான்மடங்காகின்றது என்பதை இதனால் அறியலாம். இரண்டு மூட்டுகளைச் சம கோணத்தில் நிறுத்தி ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுசெய்வர். உயர்த்துங்கால் அச்சமநிலை கெடுவதும் உண்டு.

ஆக்சில் தண்டுகளின் மூட்டுகள் வேறு வகையின. வெளிமூட்டு பெரும்பாலும் ஆறு குண்டுகளை உடையதாய், கோணத்திலும் சீராகச் சுழலும். உள்மூட்டு பல வண்டிகளில் மூன்று உருளைகளை உடையது. தண்டு நீளவும் குறுகவும் அது இடந்தரும். ஆனால் கோணம் மிக்கு, ஆற்றலும் மிகச் செலுத்தப்படுங்கால், அவ்வுருளைகள் ஒரு சுற்றுக்கு மும்முறை வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அதுவே நடுக்கமாக வெளிப்படும்.

2. நடுக்கத்தை எண்ணுதல்

நடுக்கத்தின் காரணத்தை அறிய மிகச் சிறந்த கருவி எண்ணே. 33 அங்குல விட்டமுள்ள டயர் ஒருமுறை சுழன்றால் வண்டி ஏறத்தாழ 2.63 மீட்டர் செல்லும். மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் அது நொடிக்கு ஆறு முறைக்குச் சற்று மிகுதியாகச் சுழலும். டயரின் எடை ஒருபால் மிக்கிருந்தாலும், வளையம் கோணியிருந்தாலும் நடுக்கம் நொடிக்கு ஆறாக இருக்கும். உள்மூட்டின் குற்றமாயின் அதன் மும்மடங்காகிய 19 ஆகும். டிபரென்ஷியலின் பல் விகிதம் 3.73 எனின், அதற்கு ஆற்றல் கொண்டுவரும் புரொப்பெல்லர் தண்டு நொடிக்கு 24 முறை சுழலும். அதன் யுனிவர்சல் ஜாயிண்டின் குற்றம் அதனிலும் இருமடங்காய் 47 என வரும். இக்காலத்துக் கைப்பேசிகளில் உள்ள அதிர்வுமானி இவ்வெண்களைக் காட்டவல்லது. ஓட்டுவோர் ஓட்டுதலிலேயே கருத்தாயிருக்க, உடன் செல்வோரே அதனை நோக்குதல் வேண்டும்.

3. சாலையில் அறிதல்

சாலையில் வினவத்தக்க வினாக்கள் சில உள.

முதலாவது, நடுக்கம் சாலை விரைவைப் பின்பற்றுகின்றதா, எஞ்சின் விரைவைப் பின்பற்றுகின்றதா? ஒரே சாலை விரைவில் கியரை மாற்றிப் பார்க்க. நடுக்கம் மாறாதிருப்பின் எஞ்சினின் மேற் பழியில்லை.

இரண்டாவது, ஆக்சிலேட்டரை மிதிக்குங்கால் தோன்றிக் காலை எடுக்குங்கால் மறைகின்றதா? ஆயின் ஆற்றலைச் செலுத்தும் தண்டுகளையும் மூட்டுகளையும் ஐயுறுக. இரு நிலையிலும் ஒன்றாயின் டயரையும் வளையத்தையும் ஐயுறுக.

மூன்றாவது, திருப்புங்கால் என் செய்கின்றது? கூர்மையாகத் திருப்பும்போது 'கட கட' என்பது ஆக்சில் தண்டின் வெளிமூட்டு. நேரே செல்லும்போது உறுமி, ஒருபுறம் வளைந்து செல்லுங்கால் அவ்வுறுமல் மிகுந்தோ குறைந்தோ ஒலிப்பது சக்கர பேரிங்.

நான்காவது, பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்குமாயின் பிரேக்குத் தட்டினை நோக்குக.

ஐந்தாவது, பள்ளத்தில் மட்டும் இடிக்குமாயின் தளர்ந்த போல்ட்டு, தேய்ந்த புஷ், பால் ஜாயிண்ட் இவற்றை நோக்குக. உயர்த்துங்கால் சக்கரம் தொங்கும் நிலையிலேயே புஷ்ஷின் போல்ட்டை முறுக்கியிருப்பின், வண்டி தரையில் நின்றபின் அந்த ரப்பர் முறுக்குண்டு விரைவில் கெடும். ஆதலின் வண்டி தன் எடையைத் தாங்கி நிற்கும் உயரத்திலேயே அதனை இறுதியாக முறுக்குதல் முறை.

4. நிறுத்தி அறிதல்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் இருத்துக. ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டியின் கீழ் ஒருபோதும் புகலாகாது. சுருள்வில் கீழ்க்கையின்மேல் நிற்கும் அமைப்பாயின், தாங்கியைக் கீழ்க்கையின் அடியில் வைத்தால்தான் பால் ஜாயிண்டின் தளர்ச்சி புலப்படும். பின்னர் டயரை மேலும் கீழுமாகப் பற்றி அசைத்தால் பால் ஜாயிண்டும் பேரிங்கும் தம் குறையைக் கூறும். இடமும் வலமுமாக அசைத்தால் டை ராடு முனைகள் கூறும். ஆக்சில் தண்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியுள்ளதா என்பதையும் காண்க. இவற்றின் பின்னரே வீல் அலைன்மெண்ட் பார்த்தல் தகும். தளர்ந்த மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் செய்வது ஓடும் நீரில் எழுதுவதை ஒக்கும்.

5. ஒரு வண்டியின் கதை

இவற்றை ஒருங்கே காண்பதற்கு ஒரு நிலையைக் கற்பித்துக்கொள்வோம். கொலராடோ மலைநாட்டில் உழவர் ஒருவர் தம் வண்டியின் முன்புறத்தை இரண்டரை அங்குலம் உயர்த்தி, 33 அங்குலச் சேற்று டயர்களை மாட்டினார் என்க. அவர் கூறும் குறைகள் மூன்று: எண்பது கிலோமீட்டர் விரைவில் பேரொலியாக ஒரு ரீங்காரம், நான்கு சக்கர ஆற்றலில் ஏறுங்கால் நடுக்கம், எப்போதாவது பள்ளத்தில் மெல்லிய 'டக்' ஒலி. அவரை வருத்துவது ரீங்காரம். மெல்லிய ஒலியையோ அவர் பொருட்படுத்தவில்லை.

ஆராய்ந்தபோது ரீங்காரம் வளைவுகளில் மாறவில்லை. சாலையின் பரப்பு மாறியபோது மாறியது. ஆகவே அது சேற்று டயரின் பெரிய கட்டைகள் எழுப்பும் ஒலி; தீங்கற்றது. நடுக்கம் ஈரமான சீர் மண்பாதையில் அறுபது கிலோமீட்டர் விரைவில் மிதித்தபோது மட்டும் தோன்றி, நொடிக்கு 19 எனக் காட்டிற்று. இரு சக்கர ஆற்றலில் இல்லை. ஆகவே அது உள்மூட்டின் கோணம். உயரத்தைச் சிறிது குறைத்து, டிபரென்ஷியலையும் சிறு கட்டைகளால் தாழ்த்தியவுடன் நீங்கியது. மூன்றாவதாகிய மெல்லிய ஒலியை நாடியபோது, இடப்புற மேல் பால் ஜாயிண்ட் தன் எல்லைக் கோணத்தில் நெடுநாள் நின்று தேய்ந்து, கிண்ணத்தினின்றும் கழலும் நிலையில் இருந்தது. அது கழன்றிருப்பின் சக்கரம் சாய்ந்து, வண்டி ஓட்டுவார் கையில் நில்லாது போயிருக்கும்.

இதனால் பெறும் உண்மை யாது? பேரொலி செய்தது தீங்கற்றதாயிருந்தது. மெல்லொலி செய்ததே உயிரைக் கொள்ள வல்லதாயிருந்தது. ஒலியின் அளவு கேட்டின் அளவன்று.

6. மறைத்தலும் தீர்த்தலும்

முன் இருசு ஒரே உத்திரமாக அமைந்த வண்டிகளில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகப் புலனாகும். அவ்வண்டிகளில் இருசு பக்கவாட்டில் அசையாதிருக்க டிராக் பார் என்னும் ஒரு கம்பி அதனைச் சட்டத்தோடு பிணைக்கும். உயர்த்துங்கால் அக்கம்பி சாய்ந்து இருசை ஒருபுறம் இழுக்கும். சக்கரத்தை நேர்நிலைக்கு மீட்கும் கேஸ்டர் கோணமும் குறையும். கம்பியின் போல்ட்டோ புஷ்ஷோ தளர்ந்துமிருப்பின், ஒரு சிறு மேட்டில் ஏறியவுடன் முன் சக்கரங்கள் இடமும் வலமுமாகக் கடுமையாக ஆடத் தொடங்கும். அமெரிக்கர் இதனை 'மரண ஆட்டம்' என்றே வழங்குவர். இதற்குப் பலர் செய்யும் பரிகாரம் ஸ்டியரிங்கிற்கு ஒரு புதிய டாம்பரைப் பொருத்துதல். அது ஆட்டத்தைச் சில காலம் அடக்கும். தளர்ந்த போல்ட்டை இறுக்காது. சாயும் சுவருக்கு வெள்ளை பூசுவோன் சுவரை நிறுத்தியவனாகான்; அச்சுவரின் கீழ் அமர்வோருக்கு எச்சரிக்கையாய் இருந்த விரிசலை மறைத்தவனே ஆவான்.

ஆதலின் அன்பர்களே, நடுக்கமும் ஒலியும் நம் பகைவரல்லர், அவை தூதுவர். தூதுவனை வாய்மூடச் செய்தல் அறிவன்று. அவன் கொணர்ந்த செய்தியைக் கேட்டலே அறிவு. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. மாற்றியபின் மீண்டும் அளந்து பார்க்க. காரணத்தைக் கண்டாலன்றி நிறைவு கொள்ளற்க. சாலை ஒருவர்க்கே உரியதன்று. நம் வண்டியின் முன்சக்கரத்தை நம்பி எதிரே வருவோரும், ஓரமாய் நடப்போரும், பள்ளிக்குச் செல்லும் சிறாரும் உளர். அயலாரை நேசித்தல் என்னும் கட்டளை, தளர்ந்த ஒரு போல்ட்டை உரிய காலத்தில் இறுக்குதலாலும் நிறைவேறும் என்பதே எம் துணிபு.