நிலத்தடி மண்ணின் வேறுபாடும் நீரின் போக்கும்

மேற்கு வங்கத்தின் நதியா, முர்ஷிதாபாத் போன்ற மாவட்டங்களில் ஒரே தெருவில் அமைந்த இரு குழாய்க் கிணறுகளுள் ஒன்றின் நீர் பருகத்தக்கதாகவும், மற்றொன்றின் நீர் ஆர்சனிக் நஞ்சு கலந்ததாகவும் இருப்பதுண்டு. இம்மாநிலத்தில் ஆர்சனிக் நச்சேற்றம் 1983ஆம் ஆண்டில் மருத்துவர்களால் கண்டறியப்பட்டது. குடிநீரில் ஏற்கத்தக்க அளவென இந்தியத் தரநிர்ணயம் வகுத்திருப்பது லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அடுத்தடுத்த கிணறுகளில் இத்துணை வேறுபாடு ஏற்படுவதற்குக் காரணம், மண்ணடியில் படிவுகள் ஒரே சீராக இல்லாமையே.

கங்கையும் அதன் கிளைகளும் காலந்தோறும் தடம் மாறியவை. ஆறு ஓடிய இடத்தில் மணலும், வெள்ளம் தேங்கிய தாழ்நிலத்தில் களிமண்ணும் படிந்தன. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழிக் காலத்தில், கடல் மட்டம் இன்றையதைவிட நூறு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்திருந்தது. ஆறுகள் ஆழமான பள்ளத்தாக்குகளை அரித்தன. இடைப்பட்ட மேட்டு நிலங்களின் மேற்பரப்பு உறுதியான களிமண்ணாயிற்று. அதன் அடியில் பழுப்பு மணல் கிடக்கிறது. பின்னர்ப் பள்ளங்களை நிரப்பிய சாம்பல் நிற மணலிலேதான் ஆர்சனிக் மிகுதி. மட்கிய தாவரப் பொருள், மணல் துகள்களின் மேலுள்ள இரும்பு ஆக்சைடைக் கரைக்கும்போது அந்நஞ்சு நீரில் வெளிப்படுகிறது. மணலின் நிறத்தைக் கொண்டே நீரின் தன்மையை ஓரளவு ஊகிக்கலாம் என்பது ஆய்வாளர் பலர் ஒப்பும் செய்தி.

களிமண் ஏடு எவ்வளவு வலிய தடை என்பதை ஓர் எளிய கணக்கால் உணரலாம். பத்து மீட்டர் தடிப்புள்ள படிவில் ஒன்பது மீட்டர் மணல், ஒரு மீட்டர் களிமண் எனக் கொள்வோம். நீர் கடத்துதிறன் மணலுக்கு நாளொன்றுக்கு 10 மீட்டர், களிமண்ணுக்கு 0.001 மீட்டர். கிடைநிலையில் முழுப் படிவின் கடத்துதிறன் ஏறத்தாழ 9 மீட்டர், செங்குத்தாகவோ 0.01 மீட்டர் மட்டுமே. 1856இல் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி வெளியிட்ட விதியினின்றே இவ்விரு விடைகளும் கிடைக்கின்றன. ஒரு வட்டாரம் முழுமைக்கும் ஒற்றைச் சராசரி எண்ணைப் பட்டியலில் நிரப்பிவிட்டு நிறைவடையும் வழக்கம் எவ்வளவு தவறானது என்பதற்கு இதுவே சான்று. பழைய பள்ளத்தாக்கில் அந்தக் களிமண் ஏடு அரிக்கப்பட்டிருப்பின், அவ்விடத்தில் மேல்நீர் கீழே இறங்கத் தடையில்லை.

இவ்வேறுபாட்டை அளப்பது எங்ஙனம்? துளையிடும்போது வெளிவரும் மண்ணை ஆழவாரியாகப் பதிவு செய்வது முதற்படி. துளைக்குள் கருவியை இறக்கி மின்தடையை அளந்தால் படிவுகளின் எல்லை தெளிவாகும். தரைமேல் மின்முனைகளை ஊன்றி அளக்கும் முறை செலவு குறைந்தது. ஆயினும் களிமண்ணும் உவர்நீர் கொண்ட மணலும் ஒருசேரக் குறைந்த மின்தடையையே காட்டுமாதலால், கடலோரப் பகுதிகளில் துளைப்பதிவின் துணையின்றி அதை நம்புதல் தகாது. நீரிறைப்புச் சோதனை பரந்த பரப்பின் சராசரியைத் தரும். மேல், கீழ்ப் படிவுகளில் தனித்தனி நோக்குக் கிணறுகள் வைத்தாலன்றி ஒழுக்கு புலப்படாது. 2012இல் தொடங்கப்பட்ட தேசிய நீர்தாங்கிப் படிவ வரைபடத் திட்டத்தில் மத்திய நிலத்தடி நீர் வாரியம் இம்முறைகளை இணைத்தே கையாண்டது.

ஆழமான படிவுகளின் நீர் பொதுவாக ஆர்சனிக் குறைந்தது. எனவே 150 மீட்டருக்கும் கீழே கிணறு தோண்டிக் குடிநீர் வழங்குவது தீர்வாகக் கொள்ளப்பட்டது. குடிநீருக்கெனச் சிறிதளவே இறைத்தால் இத்தீர்வு நெடுநாள் நிலைக்கும். பாசனத்துக்கும் அப்படிவையே நாடினால் கீழ்நோக்கிய அழுத்தச் சரிவு மிகுந்து, களிமண் இல்லாத இடைவெளிகள் வழியே நச்சுநீர் இறங்கும். துளையே அத்தகைய இடைவெளியாகிவிடுவதும் உண்டு: குழாய்க்கும் துளைச்சுவருக்கும் இடைப்பட்ட வெளியை, களிமண் ஏடு உள்ள ஆழத்தில் சிமெண்டால் அடைத்தல் வேண்டும். அந்த ஆழம் ஊருக்கு ஊர் மாறுவதால், ஒவ்வொரு கிணற்றின் மண்பதிவையும் பார்த்தே அதை முடிவு செய்யவியலும்.