துண்டுத்துணி விரிப்பு: மூலைக்கு மூலை சேரத் தைப்பது எப்படி?

முல்லைத்தீவு மாவட்டத்தில், மீளக் குடியேறிய ஒரு கிராமத்தின் மாதர் சங்கத்தில் ஆறு பேர் சேர்ந்து கட்டில் விரிப்புத் தைத்தார்கள். நகரத்துக் கடையொன்று ஆறு விரிப்புகளுக்குச் சொல்லியிருந்தது. சங்கத்தில் நான்கு மெசின்கள். வரிசைகளைப் பங்குபோட்டு ஆளுக்கு இரண்டு மூன்றாகத் தைத்தார்கள். ஒவ்வொரு வரிசையையும் தனியாகப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. வரிசைகளை ஒன்றோடொன்று பொருத்தத் தொடங்கியபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஒரு மெசினில் தைத்த வரிசை 60½ அங்குலம் நீளம். இன்னொரு மெசினில் தைத்தது 59 அங்குலமும் கொஞ்சமும். சதுரங்களின் மூலைகள் ஒன்றையொன்று தாண்டிப் போயின. இழுத்துப் பிடித்துத் தைத்ததில் நடுப்பகுதி சுருங்கி மேடு தட்டியது. கடைக்காரர் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு நான்கைத் திருப்பிவிட்டார்.

“தங்கச்சி, எல்லாம் நேராத்தானே தைச்சனாங்கள், பிறகேன் இப்படி இழுக்குது?” என்று அங்கிருந்த அக்கா ஒருவர் கேட்டார். அவர் சொன்னது சரி. எல்லோரும் நேராகத்தான் தைத்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவில் தைத்திருந்தார்கள். இந்தப் பக்கத்தில் அதைப் பற்றித்தான் பார்க்கப் போகிறோம்.

சிறிய பிழை எப்படிப் பெருகுகிறது?

நாம் எடுத்துக்கொள்ளும் விரிப்பு தனிக்கட்டிலுக்கானது. தைத்து முடிந்தபின் ஒவ்வொரு சதுரமும் 5 அங்குலம். குறுக்கே 12, நெடுக்கே 18, மொத்தம் 216 சதுரங்கள். முடிந்த அளவு 60க்கு 90 அங்குலம். ஒவ்வொரு பக்கமும் தையலுக்குக் கால் அங்குல ஓரம் தேவை என்பதால் சதுரங்களை 5½ அங்குலமாக வெட்ட வேண்டும்.

ஒரு வரிசையில் 11 தையல்கள் வரும். கால் அங்குலம் விடவேண்டிய இடத்தில் உங்கள் மெசின் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாக எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் கோட்டின் தடிப்பைவிடச் சற்றுக் கூடிய அளவுதான் அது, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தையலின் இரு பக்கமும் அது போகிறது. ஒரு தையலுக்கு எட்டில் ஒரு அங்குலம். பதினொரு தையலுக்கு 1⅜ அங்குலம். மேலே சொன்ன வரிசை 59 அங்குலமாகக் குறுகியது இப்படித்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பதினெட்டு வரிசைகளிலும் இதே பிழை ஒரே மாதிரி நடந்திருந்தால் மூலைகள் சேர்ந்திருக்கும், விரிப்பு கொஞ்சம் ஒடுங்கியிருக்கும், அவ்வளவுதான். ஆட்கள் சேர்ந்து தைக்கும்போது “சரியான அளவு” என்பதைவிட “எல்லோருக்கும் ஒரே அளவு” என்பதே முதலில் முக்கியம். தனியாகத் தைப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

துணியைத் தெரிவுசெய்தல்

ஆடைத் தொழிற்சாலைகளில் இருந்து வரும் வெட்டுத்துண்டுகளில் எல்லா வகையும் கலந்திருக்கும். ஒரு துண்டை நீளத்துக்கும் அகலத்துக்கும் இழுத்துப் பாருங்கள். றப்பர் போல இழுபட்டால் அது ரீசேட் துணி, இந்த வேலைக்கு வேண்டாம். அதைக் கால்மிதிக்கு ஒதுக்குங்கள். ஜீன்ஸ் போன்ற தடித்த துணியையும் மெல்லிய கொட்டனையும் ஒரே விரிப்பில் கலக்காதீர்கள். தடித்த துணி மடியும் இடத்தில் கூடுதல் இடத்தைத் தின்றுவிடும்.

வெட்டுமுன் கழுவுங்கள். புதிய கொட்டன் கழுவினால் சுருங்கும். தைத்தபின் ஒரு துண்டு மட்டும் சுருங்கினால் எவ்வளவு கவனமாகத் தைத்திருந்தாலும் பயனில்லை. சிவப்பு, கருநீலத் துணிகளைத் தனியாக ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள்.

அளவு மட்டை

ஒவ்வொரு சதுரத்தையும் அளவுநாடாவால் அளந்து வெட்டக் கூடாது. துணி நாடா பழகப் பழக நீளும். சங்கத்தில் இருக்கும் நாடாக்கள் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பாருங்கள், அறுபதாவது அங்குலத்தில் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று. பலருக்கு இது ஒரு ஆச்சரியமாக இருக்கும். இரும்பு அடிமட்டம் ஒன்றை மட்டும் வைத்து, தடித்த பிளாஸ்ரிக்கில் (பழைய கோப்பு உறையின் மட்டை போதும்) 5½ அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். காட்போட் மட்டையும் சரி, ஆனால் பென்சில் உரசி உரசி அதன் ஓரம் தேயும்.

நான்கு பக்கமும் 5½ இருந்தால் மட்டும் அது சதுரம் ஆகாது, சாய்ந்தும் இருக்கலாம். மேசன் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அதே வேலைதான். மட்டையின் எதிர் மூலைகளுக்கு இடையில் இரண்டு பக்கமும் அளவுங்கள். இரண்டும் சமமாக, 7¾ அங்குலத்துக்கு ஒரு நூல் தடிப்புக் கூட இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் அந்த மட்டையை எறிந்துவிட்டு இன்னொன்று வெட்டுங்கள்.

பல பேர் வெட்டுவதானால் எல்லா மட்டைகளும் முதல் மட்டையில் இருந்தே எடுக்கப்பட வேண்டும். இரண்டாவதை வைத்து மூன்றாவது, மூன்றாவதை வைத்து நான்காவது என்று போனால் ஒவ்வொரு முறையும் பென்சில் கோட்டின் தடிப்பு ஏறும். முதல் மட்டையில் ஒரு அடையாளம் இட்டுச் சங்கச் செயலாளரிடம் கொடுத்து வையுங்கள்.

வெட்டுதல்

துணிக்கு நெடுக்கிழையும் குறுக்கிழையும் உண்டு. மட்டையின் ஓரம் இழையோடு நேராக இருக்க வேண்டும். கரை இல்லாத துண்டானால் ஓரத்தில் ஒரு இழையை ஊசியால் பிடித்து மெல்ல இழுங்கள். இழை போன தடம் நேர்க்கோடாகத் தெரியும். மூலைவாட்டில் வைத்து வெட்டிய சதுரம் கைபட்டாலே நீளும். துண்டு வீணாகக்கூடாது என்று சரிந்த துணியில் வெட்டுவது நம்மவர் வழக்கம், எனக்கும் அந்த ஆசை வரும். ஆனால் ஒன்றை மிச்சம்பிடித்து அதன் பக்கத்தில் இருக்கும் நான்கைக் கெடுக்க வேண்டாம்.

பென்சிலைக் கூராக்கி மட்டையை ஒட்டிக் கோடு போடுங்கள். வெட்டும்போது கோடு துணியில் மிஞ்சக் கூடாது, கோட்டின் உட்பக்கமாக வெட்டுங்கள். கத்தரிக்கோலால் ஒரு நேரத்தில் இரண்டு மடிப்புக்கு மேல் வெட்டாதீர்கள், கீழ் மடிப்பு வழுகும். மின்சாரம் இன்னும் வராத வீடுகளில் வெட்டும் வேலையைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். விளக்கு வெளிச்சத்தில் தைக்கலாம், வெட்டுவது சரிவராது.

புதுத்துணி வாங்குவதானால் 44 அங்குல அகலத் துணியில், கரையைக் கழித்தால், குறுக்கே ஏழு சதுரங்கள் என்று கணக்கிடுங்கள். ஒரு யாரில் 42. முழு விரிப்புக்கு ஐந்து யாருக்குச் சற்று மேல்.

கால் அங்குலத்தைப் பிடித்துவைத்தல்

மெசினின் பாதத்தின் ஓரத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு மெசினிலும் அது வேறு. இரும்பு அடிமட்டத்தைப் பாதத்துக்குக் கீழே வைத்து, சில்லைக் கையால் சுற்றி ஊசியை மெதுவாக இறக்குங்கள். ஊசி முனை கால் அங்குலக் கோட்டைத் தொடும்படி அடிமட்டத்தை நகர்த்துங்கள். அடிமட்டத்தின் ஓரம் நிற்கும் இடத்தில், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரரை இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டிவிடுங்கள். துணியின் விளிம்பு அந்தத் திட்டை உரசிக்கொண்டே போகட்டும். உங்கள் கண் ஊசியில் இருக்கத் தேவையில்லை, பிளாஸ்ரரில் இருக்கட்டும்.

பிறகு சோதித்துப் பாருங்கள். 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டிகள் வெட்டி, நீளப் பக்கமாக ஒன்றோடொன்று தைத்து, மடிப்பை அழுத்திவிட்டு, நடுப்பட்டியை அளவுங்கள். சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் பிளாஸ்ரரை ஊசிப் பக்கம் ஒரு மயிரிழை நகர்த்துங்கள். கூடுதலாக இருந்தால் மறுபக்கம். துணி மடியும் இடம் கொஞ்சத்தை எடுப்பதால், பெரும்பாலும் கால் அங்குலத்துக்கு ஒரு இழை குறைவாகத் தைத்தால்தான் கணக்குச் சரியாக வரும். சங்கத்தில் ஒவ்வொரு மெசினும் இந்தப் பட்டிச் சோதனையில் தேற வேண்டும். தேறாத மெசினுக்கு ஓரப்பட்டி தைக்கும் வேலையைக் கொடுங்கள். முதலில் சொன்ன ஆறு பேரும் இதைச் செய்தபோது நான்கு மெசின்களில் ஒன்றுதான் முதல் தடவையில் சரியாக வந்தது.

மெசின் இல்லாதவர்கள் 5 அங்குலத்தில் இன்னொரு மட்டை வெட்டி, அதை ஒவ்வொரு சதுரத்தின் பின்பக்கத்திலும் நடுவில் வைத்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டின் மேல் சிறு ஓடுதையல் போட்டால் போதும். மெதுவான வேலைதான், ஆனால் மூலை சேருவதில் கைத்தையல் மெசினைவிட நன்றாக வருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மடிப்பை எந்தப் பக்கம் சாய்ப்பது?

சதுரங்களை முதலில் பாயில் பரப்பி நிறம் பாருங்கள். பிடித்தபடி அமைந்ததும் வரிசைக்கு ஒரு இலக்கம் எழுதி முதற் சதுரத்தில் குத்துங்கள். பின் ஒவ்வொரு வரிசையாகத் தையுங்கள்.

ஒரு வரிசை முடிந்ததும் பின்பக்கத்து மடிப்புகள் எல்லாவற்றையும் ஒரே பக்கம் சாய்த்து அழுத்த வேண்டும். ஒற்றை இலக்க வரிசைகளில் வலப்பக்கம், இரட்டை இலக்க வரிசைகளில் இடப்பக்கம். இதை மட்டும் மறக்காதீர்கள். இரண்டு வரிசைகளை முகத்துக்கு முகம் வைக்கும்போது ஒன்றின் மடிப்பு இந்தப் பக்கமும் மற்றதன் மடிப்பு அந்தப் பக்கமும் இருப்பதால் இரண்டும் ஒன்றில் ஒன்று முட்டி நிற்கும். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மெல்ல உருட்டிப் பாருங்கள், கதவு நிலையில் பொருந்துவதுபோல ஓரிடத்தில் நிற்பது கையில் தெரியும். அந்த இடம்தான் மூலை. இரண்டு மடிப்பும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அங்கே மேடு விழும், மெசின் அந்த மேட்டில் துணியைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

ஸ்திரிக்கைப் பெட்டியை மேலிருந்து வைத்து எடுங்கள், முன்னும் பின்னும் இழுத்தால் சதுரம் கோணும். சிரட்டைக்கரிப் பெட்டியானால் சாம்பலை நன்றாக ஊதிவிடுங்கள். பெட்டியே இல்லையென்றால் நகத்தாலோ அகப்பைக் காம்பாலோ அழுத்தித் தேயுங்கள், போதும்.

வரிசைகளைச் சேர்த்தல்

குண்டூசியை ஓரத்தில் இருந்து குத்திக்கொண்டு வராதீர்கள். முதலில் மூலைகள் சந்திக்கும் பதினொரு இடங்களிலும் குத்துங்கள், மடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று. பிறகு இடையில் உள்ளதைச் சமப்படுத்துங்கள். ஒரு சதுரம் மற்றதைவிடக் கொஞ்சம் நீளமாக நின்றால் அந்தப் பக்கம் கீழே வரும்படி வைத்துத் தையுங்கள். பாதத்துக்குக் கீழே உள்ள பற்கள் கீழ்த்துணியைச் சற்றுக் கூடுதலாக உள்ளே இழுப்பதால் அந்த மிச்சம் அடங்கிவிடும். எட்டில் ஒரு அங்குலம் வரை இப்படி அடக்கலாம். அதற்கு மேல் என்றால் அந்தச் சதுரத்தைப் பிரித்து அளவு பாருங்கள்.

தைத்து முடிந்ததும் திருப்பிப் பாருங்கள். ஒரு மூலை விலகியிருந்தால் வரிசை முழுவதையும் பிரிக்கத் தேவையில்லை. அந்த மூலைக்கு இரு பக்கமும் அரை அங்குலம் மட்டும் பிரித்து, மடிப்பைத் திரும்ப முட்டவைத்து, கையாலே ஒரு நூலால் கட்டிவிட்டு மேலே தையுங்கள். ஒரு இழை விலகல் என்றால் விட்டுவிடலாம், கட்டிலில் விரித்தால் யாரும் காணமாட்டார்கள். நிறம் கடுமையாக மாறும் இடத்தில், உதாரணமாகக் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் மூலையில், அதே ஒரு இழை பளிச்சென்று தெரியும். அங்கே மட்டும் பிடிவாதமாக இருங்கள்.

திரும்பக் கிடைக்காத துணி

விற்பனைக்கல்லாமல் வீட்டுக்கென்று தைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு அம்மா, திரும்பி வராத தன் மகனின் சேர்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். முகாமில் இருந்த காலம் முழுவதும் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த சேர்ட். அதை விரிப்பில் வைத்துத் தைக்கலாமா என்று கேட்டார். அன்று நாங்கள் அதை வெட்டவில்லை. அவர் முதலில் வேறு துணியில் நான்கு வரிசை தைத்துப் பழகினார். மூன்று கிழமைக்குப் பிறகே கத்தரிக்கோலை எடுத்தார்.

இப்படியான துணியானால் முதுகுப்பக்கத்தில் இருந்து மட்டும் சதுரங்களை எடுங்கள். சேர்ட்டின் முதுகில் 5½ அங்குலச் சதுரங்கள் ஆறு ஏழாவது தேறும். முன்பக்கமும் கொலரும் பொத்தானும் அப்படியே இருக்கட்டும். பழந்துணி இழை தளர்ந்திருக்கும் என்பதால், ஒவ்வொரு சதுரத்துக்கும் பின்னால் அதே அளவில் மெல்லிய புதுக் கொட்டன் துண்டொன்றை வைத்து, விளிம்போடு ஓடுதையல் போட்டு, இரண்டையும் ஒன்றாகப் பாவியுங்கள். இல்லாவிட்டால் மூலையில் ஊசி ஏறும்போதே நைந்துவிடும். விரிப்பின் ஓரத்தில் கை அடிக்கடி படும், இழுபடும். ஆகவே அந்தச் சதுரங்களை உட்பக்க வரிசைகளில் வையுங்கள். அந்த அம்மா தலைமாட்டில் இருந்து மூன்றாவது வரிசையில் வைத்தார். சட்டைப்பையை வெட்டாமல் கழற்றி ஒரு சதுரத்தின் மேல் திரும்பத் தைத்துக் கொண்டார்.

பின்பக்கத் துணி

எங்கள் காலநிலைக்கு உள்ளே பஞ்சு வேண்டாம். பழைய கொட்டன் சேலையோ கட்டில் சீலையோ பின்பக்கத்துக்குப் போதும். சீமெந்து நிலத்தில் பிள்ளைகள் படுப்பதானால், மார்கழிக் குளிருக்கு இடையில் இன்னொரு பழஞ்சீலை வைக்கலாம். பின்துணியை நான்கு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக வெட்டி, நிலத்தில் இழுத்து விரித்து, அதன் மேல் சதுர விரிப்பைப் பரப்புங்கள். நடுவில் இருந்து வெளிநோக்கித் தடவிக்கொண்டு வந்து, மூன்று சதுரத்துக்கு ஒரு இடமாக மூலைகள் சந்திக்கும் புள்ளியில் தடித்த நூலால் முடிச்சுப் போடுங்கள். கூடுதலாக நிற்கும் பின்துணியை முன்பக்கம் இருமுறை மடித்துத் தைத்தால் ஓரப்பட்டிக்கு வேறு துணி தேவைப்படாது.