ஒரு ஓட்டுக்கு என்ன செலவு? எக்ஸெல்லில் கணக்குப் போடுவோம்

எக்ஸெல் என்றாலே ஆபீஸ் வேலை என்று பலர் ஒதுக்கி விடுகிறார்கள். வீட்டில் எழும் கேள்விக்கும் அதில் விடை தேடலாம். இந்த மாதம் எங்கள் வீட்டுக் கேள்வி ஒன்றையே பாடமாக எடுத்துக் கொள்வோம்.

என் சொந்த ஊர் சிவகங்கை மாவட்டம் நாட்டரசன்கோட்டை. கண் நோய் தீர வேண்டி மக்கள் வந்து வணங்கும் கண்ணாத்தாள் கோயில் உள்ள ஊர். என் அப்பத்தாவுக்கு வயதான பிறகு கண் நீர் அழுத்த நோயால் பார்வை போய்விட்டது. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த பேரூராட்சித் தேர்தலில் அவருக்குத் துணையாக நான் போனேன். அவர் காதில் சொன்ன பெயருக்கு நேராகப் பட்டனை அழுத்தினேன்.

வெளியே வந்ததும், "யாருக்குப் போட்டேன்னு உனக்குத் தெரிஞ்சு போச்சு. நீ சரியா அமுக்குனியான்னுதான் எனக்குத் தெரியல அப்பு" என்றார். சில நூறு பேர் மட்டுமே உள்ள வார்டு. நிற்பவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். இங்கேதான் ரகசியம் அதிகம் தேவை.

பிரெய்ல் போதுமா?

நம் நாட்டு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் பட்டன்களின் அருகே பிரெய்ல் எண்களைப் பொறிக்கும் முறை 2004-இல் ஆந்திராவின் ஆசிஃப்நகர் இடைத்தேர்தலில் சோதிக்கப்பட்டது. 2006-இல் தமிழகத்திலும் ஒரு தொகுதியில் சோதித்தார்கள். 2009 மக்களவைத் தேர்தலுக்கான புதிய இயந்திரங்களில் அது இடம்பெற்றது. எண்களைப் பொறிப்பதால் பெரிய செலவு இல்லை. ஆனால் என் அப்பத்தாவைப் போல முதுமையில் பார்வை இழந்தவர்களுக்குப் பிரெய்ல் தெரியாது. அவர்களுக்கு ஹெட்ஃபோனில் பெயர்களைச் சொல்லும் கருவி வேண்டும்.

அமெரிக்காவில் 2002-இல் வந்த சட்டம், வாக்குச்சாவடிக்கு ஒரு கருவியாவது மாற்றுத்திறனாளிகள் தாங்களே பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அது அந்நாட்டின் மத்திய அரசுப் பதவிகளுக்கான தேர்தல்களுக்கே பொருந்தும். சிற்றூர்த் தேர்தல் என்றால், "ஓரிருவருக்காக இவ்வளவு செலவா?" என்ற கேள்வி வந்துவிடும். அதைத்தான் கணக்குப் போடப் போகிறோம்.

இனி பாடம்

எக்ஸெல்லைத் திறந்து, பி1 முதல் பி4 வரை உள்ள செல்களில் கீழ்க்கண்டவற்றை டைப் செய்யுங்கள். இவை எடுத்துக்காட்டு எண்களே.

பி1: கருவியின் விலை - 30000
பி2: ஒவ்வொரு தேர்தலுக்கும் பெயர்களை ஒலிப்பதிவு செய்து சரிபார்க்கும் செலவு - 5000
பி3: எத்தனை தேர்தல்கள் (5 ஆண்டுக்கு ஒன்று வீதம் 15 ஆண்டுக்கு) - 3
பி4: ஒவ்வொரு தேர்தலிலும் பயன்படுத்துவோர் - 2

பி5-இல் =(பி1+பி2*பி3)/(பி3*பி4) என்ற ஃபார்முலாவை அமைத்து என்டர் தட்டுங்கள். செல் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும். விடை 7500. ஒரு ஓட்டுக்கு 7,500 ரூபாய்!

இப்போது பி1-இல் 0 என்று மாற்றுங்கள். கருவி இலவசமாகக் கிடைத்தாலும் விடை 2500. வேட்பாளர்கள் மாறுவதால் ஒலிப்பதிவு வேலை ஒவ்வொரு முறையும் திரும்ப வருகிறது. "யாராவது கருவியை நன்கொடையாகக் கொடுத்தால் போதும்" என்பது தவறான எண்ணம்.

பி1-இல் மீண்டும் 30000 கொடுங்கள். பி4-இல் மட்டும் 300 என்று மாற்றுங்கள். அதாவது, தனிக் கருவி வேண்டாம். வார்டில் எல்லாரும் ஓட்டுப் போடும் அதே இயந்திரமே பேசட்டும். விடை 50.

பார்வையற்றவர்களின் எண்ணிக்கை மாறவில்லை. தனியாக வைத்தால் விலை ஏறுகிறது, பொதுவில் சேர்த்தால் இறங்குகிறது. ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினீயராக ஒன்றையும் சொல்ல வேண்டும். வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஒலி சேர்ப்பது கம்ப்யூட்டரில் பாட்டுப் போடுவது போல எளிதல்ல. பெயர்களும் பட்டன்களும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று வேட்பாளர்கள் முன்னிலையில் சோதிக்க வேண்டும். பி2 செல்லில் நீங்கள் தாராளமாகத் தொகை போட வேண்டியது இதனால்தான்.

7,500 என்று சொன்னபோது அப்பத்தா, "எனக்காகவா அம்புட்டுக் காசு? வேணாம்ப்பா" என்று கூசினார். 50 ரூபாய்க் கணக்கைச் சொன்னதும், "எல்லாருக்கும் ஒரே மிசினுன்னா சரிதான்" என்றார்.

பயிற்சி: பி2-இல் 10000 போட்டுப் பாருங்கள். பி4-இல் 300 அப்படியே இருக்கட்டும். விடை 67 ரூபாய்க்குள் வருகிறதா? பிறகு உங்கள் வார்டின் வாக்காளர் எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்து, ஃபைலை சேவ் செய்து கொள்ளுங்கள். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் பற்றிப் பேச்சு வரும்போது காட்ட உதவும்.