ஆணியில்லாத முக்காலி

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயன் அறைகள் புதைந்துபோயின. அப்படி இடம்பெயர்ந்து வருகிறவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதில்லை. நான் பார்த்த தற்காலிகக் குடிசையொன்றில், முழங்கால் மடங்காத ஓர் அம்மாயிக்கு யாரோ ஆணியடித்து ஒரு முக்காலி செய்து கொடுத்திருந்தார்கள். அது ஒரு வாரத்திலேயே காலை விரித்துவிட்டது. ஆணி நாளடைவில் தளரும். பாரம் ஏற ஏறத் தளர்ச்சியும் கூடும்.

பிக்காசுக் கைபிடியை நினைத்துப் பாருங்கள். மெல்லிய முனை வழியாகத் தலையைப் போடுகிறோம். தடித்த முனையில் போய் இறுகுகிறது. வேலை செய்யச் செய்ய இன்னும் இறுகும். முக்காலிக்கும் இதே வழிதான். பலகையின் அடியில் அகன்று, மேலே குறுகும் துளை. அதே சரிவில் சீவிய கால். உட்காருகிறவரின் பாரமே காலை இறுக்கிவிடும்.

சாதாரணத் துறப்பணம் நேர்த்துளைதான் போடும். அதை அகலிக்கும் கருவியை நீங்களே செய்யலாம். நன்கு காய்ந்த கடின மரத்தில் 5 அங்குல நீளக் கூம்பு ஒன்று சீவுங்கள்: நுனி 1/2 அங்குலம், அடி 1 அங்குலம். அதாவது 10 பங்கு நீளத்துக்கு 1 பங்கு தடிப்பு. நடுவே நீளவாக்கில் வாளால் பிளவு போட்டு, பழைய கைவாள் அலகிலிருந்து வெட்டிய துண்டைச் செருகுங்கள். அதன் விளிம்பு ஒரு தாளின் தடிப்பளவே வெளியே நிற்க வேண்டும். கூடினால் மரத்தைக் கடித்துக் கிழிக்கும். விளிம்புக்கு முன்னால் சிராய் விழ ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். தடித்த முனையில் குறுக்குக் கட்டை செருகினால் அதுவே கைபிடி.

இருக்கைக்கு ஒன்றரை அங்குலக் கிரேவிலியாப் பலகை போதும். (அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும், வேலை முடிந்ததும் கை கழுவுங்கள்.) காலுக்குக் கடின மரத்தை அறுக்காமல் பிளந்தெடுங்கள், அப்போதுதான் நார் முழு நீளத்துக்கும் ஓடும். இருக்கை சற்று ஈரமாக இருந்தாலும் பாதகமில்லை. கால் மட்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரக்கால் பின்னால் சுருங்கிக் கழன்றுவிடும்.

விளிம்பிலிருந்து 2 அங்குலம் உள்ளே, கால் வெளியே சாயும் கோணத்தில் 5/8 அங்குலத் துளை போட்டு, அடிப்பக்கத்திலிருந்து கூம்பை மெதுவாகச் சுற்றுங்கள். நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை காலைச் செருகி, அட்டையில் வெட்டிய கோணத்தோடு ஒப்பிடுங்கள். தவறியிருந்தால் கூம்பைச் சற்றுச் சாய்த்துத் திருத்தலாம். நேர்த்துளையில் இந்தச் சலுகை கிடையாது!

கால்முனையில் அடுப்புக்கரி தடவிச் செருகித் திருகுங்கள். வெளியே எடுத்ததும் கரி தேய்ந்து பளபளக்கும் இடங்களை மட்டும் சீவுங்கள். எங்கும் ஒரே சீராய்த் தேயும்வரை இதைச் செய்ய வேண்டும். இதில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள்.

கடைசியில், கால்முனையில் வாளால் ஒரு வெட்டுப் போட்டு, மரக்கொட்டானால் அடித்திறக்குங்கள். இறுகியதும் சத்தம் மாறும். மேலிருந்து ஆப்பு அடிக்கும்போது அது பலகையின் நாருக்குக் குறுக்காக நிற்கட்டும். நாரின் போக்கில் அடித்தால் பலகை பிளந்துவிடும்.

மூன்று கால் என்பதால் மேடுபள்ளமான மண்தரையிலும் ஆடாது. கருவியைத் தேங்காயெண்ணெய் பூசித் துணியில் சுற்றி வையுங்கள். ஹப்புத்தளைப் பனிமூட்டத்தில் அலகு சீக்கிரம் துருவேறிவிடும்.